எழுத்துருவிலிருந்து மாஸ்டடான் வரை: தஞ்சை மண்ணில் கட்டற்ற மென்பொருள்

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையில் உள்ள பாபநாசத்தில் ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருக்கும் எவரும், லினக்ஸ் என்ற பெயரைக் கேள்விப்படாதவராக இருந்தாலும், நாள் முழுவதும் அதைத்தான் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். ஆண்ட்ராய்டின் அடியில் இருந்து கருவியை இயக்கும் கருநிரல் லினக்ஸே ஆகும். கல்யாண வீடியோவைக் கணினியில் ஓட்டிப் பார்க்க உதவும் விஎல்சி, இணைய உலாவியான ஃபயர்பாக்ஸ், தமிழ் விக்கிப்பீடியாவைப் பின்னாலிருந்து நடத்தும் மீடியாவிக்கி ஆகியவையும் அதே இனத்தைச் சேர்ந்தவை. மனிதர் எழுதிய வடிவில் இருக்கும் மூலநிரலை எவரும் படிக்கலாம், தேவைக்கேற்பத் திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம் என்று உரிமத்திலேயே எழுதிக் கொடுத்து வெளியிடப்படும் மென்பொருளே திறந்தமூல மென்பொருள் எனப்படுகிறது. பயன்படுத்துவோரின் உரிமையை முதன்மையாகக் கருதுவோர் இதையே கட்டற்ற மென்பொருள் என்பர். அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனு திட்டத்தை அறிவித்தபோது இந்த உரிமைக்கு ஓர் இயக்க வடிவம் கிடைத்தது. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட கருநிரல் அதனுடன் சேர்ந்தபோது ஒரு முழுமையான இயங்குதளம் உருவாயிற்று.

கட்டற்ற மென்பொருள் என்றால் காசில்லாமல் கிடைப்பது என்று பொதுவாக எண்ணப்படுகிறது. ஆனால் காசில்லாமல் கிடைக்கும் வாட்ஸ்அப்பின் மூலநிரலை வெளியார் எவரும் பார்க்க இயலாது. அதே வேளையில், கட்டணம் வாங்கிக்கொண்டு விற்கப்படும் கட்டற்ற மென்பொருள்களும் உண்டு. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி விலையைப் பற்றியது அன்று, ஒரு கருவியை ஆக்கியவர் கைவிட்டாலோ விதியை மாற்றினாலோ பயன்படுத்துவோருக்கு என்ன மிஞ்சும் என்பதைப் பற்றியது. தமிழர்கள் இந்தக் கேள்வியை முதலில் எதிர்கொண்டது தங்கள் எழுத்தைத் திரையில் காட்டும் முயற்சியில்தான்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் டிடிபி கடைகளில் இன்றும் அந்தப் பழைய சிக்கலைப் பார்க்கலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஓர் ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அதில் தட்டச்சிட்ட 'அம்மா' என்னும் சொல்லை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளே தோன்றும். கணினிக்கு அது ஒருபோதும் தமிழாக இருந்ததில்லை. எழுத்துரு போர்த்திய தோற்றம் மட்டுமே தமிழ். பல எழுத்துருக்கள் இவ்வாறு தமக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்ததால், ஒரு கடையில் அடித்த அழைப்பிதழை இன்னொரு கடையில் திறக்க இயலாத நிலை உண்டாயிற்று. உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ஒருங்குறியில் தமிழுக்கு 1991-இலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸ் 98 போன்ற அக்கால இயங்குதளங்கள் அதைச் சரிவரக் காட்டாததால், அந்தப் பொதுத்தரம் மக்கள் கைக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் பிடித்தன.

அந்த இடைவெளியில் உழைத்தவர்களுள் ஒருவர் இதே தஞ்சை மாவட்டத்துக் கடற்கரை ஊரான அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி (1953–2006). வளைகுடாவில் பணியாற்றித் திரும்பிய அவர், 'தேனீ' என்ற ஒருங்குறி எழுத்துருவை இயங்கு எழுத்துருவாக, அதாவது வாசகர் எதையும் தம் கணினியில் நிறுவாமலேயே, பக்கத்தைத் திறக்கும்போது அதனுடன் சேர்ந்து இறங்கிவரும் எழுத்துருவாக, ஆக்கித் தந்தார். இணைய மையத்தில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்காரும் ஒருவருக்கு அந்தக் கணினியில் எழுத்துருவை நிறுவும் அனுமதி பெரும்பாலும் இருக்காது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஒரு வசதி எத்தனை பேரைத் தமிழ் வாசிக்க வைத்திருக்கும் என்பது புரியும். பழைய குறியீடுகளில் இருந்தவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவி, தமிழில் எழுதுவதற்கான செயலி என்று அவர் செய்த பிறவும் இலவசமாகவே வழங்கப்பட்டன. தமிழ் இணையத்தின் வரலாற்றில் அவர் பெயர் பாடநூல்களுக்குரிய இடத்தைப் பெற்றிருக்க வேண்டும். பெரும்பாலான டெல்டா மாணவர்கள் அதைக் கேட்டதில்லை என்பது வருந்தத்தக்கது.

தனியொருவரின் கொடை எவ்வளவு பெரிதாயினும், அதன் மூலநிரல் பிறர் கைக்கு உரிமையோடு போய்ச் சேராவிட்டால், ஆக்கியவரோடு அதன் வளர்ச்சி நின்றுவிடும். இதை நன்கு காட்டுவது எ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சுக் கருவியின் கதை. முகுந்தராஜ் சுப்ரமணியனும் 'தமிழா' குழுவினரும் உருவாக்கிய அக்கருவி தொடக்கத்தில் வெளி நிறுவனம் ஒன்றின் கீமேன் என்ற பொறியைச் சார்ந்திருந்தது. பின்னர் அச்சார்பு நீக்கப்பட்டு, மூலநிரல் முழுவதும் திறந்த நிலையில் புதிதாக எழுதப்பட்டது.

தமிழ்நாடு அரசும் இவ்வழியில் சில அடிகள் எடுத்து வைத்தது. இ.ஆ.ப. அதிகாரி உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது அரசு நிறுவனமான எல்காட் தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் விண்டோஸுடன் சேர்த்தே வழங்கப்பட்டது. கணினியைத் திறந்தவுடன் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஒவ்வொரு மாணவருக்கும் இருந்தும், பழகிய ஆசிரியரும் பழக்கும் பாடமும் இல்லாததால் பாஸ் பெரும்பாலும் திறக்கப்படாமலே கிடந்தது. பக்கத்து மாநிலமான கேரளம் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியைப் பாடநூல், ஆசிரியர் பயிற்சி, மலையாள இடைமுகம் ஆகிய மூன்றோடும் சேர்த்து லினக்ஸில் நடத்தி வெற்றி கண்டதை நோக்கினால், தமிழ்நாட்டில் குறைந்தது மென்பொருள் அன்று, அதைச் சுற்றியிருக்க வேண்டிய மனித ஏற்பாடே என்பது தெளிவாகும்.

ஆக்கியவர் கைவிட்டால் பயன்படுத்துவோருக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வி சமூக வலைத்தளங்களிலும் எழுகிறது. ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாத, பரவலாக்கப்பட்ட சமூக வலை என்ற பெயர் புதிதாக இருப்பினும், தமிழர்கள் அப்படியொரு வலையில் ஏற்கெனவே வாழ்ந்திருக்கிறார்கள். 2003-இல் தொடங்கிப் பெருகிய தமிழ் வலைப்பதிவுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே இருந்தன. புதிய இடுகை வந்ததைப் பிற தளங்களுக்குத் தெரிவிக்கும் செய்தியோடை என்ற பொதுவான ஏற்பாட்டின் மூலம், காசி ஆறுமுகம் 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் அவற்றையெல்லாம் ஒரே பக்கத்தில் திரட்டிக் காட்டியது. திரட்டி ஒன்று நின்றுபோனாலும் பதிவுகள் அழியவில்லை. வேறொரு திரட்டி அதே ஓடைகளை எடுத்துக்கொள்ள முடிந்தது. பதிவுகளும் ஒரு பெருநிறுவனத்தின் இலவச இடத்திலேயே பெரும்பாலும் இருந்தன என்ற குறை உண்டாயினும், எழுதியவர் அவற்றை எடுத்துக்கொண்டு வேறிடம் போகும் வழி திறந்தே இருந்தது.

அதற்கு மாறானது யாஹூ குழுமங்களின் கதி. ராயர் காப்பி கிளப், மரத்தடி, அகத்தியர் போன்ற குழுக்களில் எழுத்தாளர்களும் அயலகத் தமிழர்களும் ஆண்டுக்கணக்கில் நடத்திய உரையாடல்கள் அந்நிறுவனத்தின் கணினிகளில் இருந்தன. 2019-இல் பழைய உள்ளடக்கத்தை நீக்கப்போவதாக அறிவித்த நிறுவனம், 2020 டிசம்பரில் சேவையையே மூடியது. முன்கூட்டியே படியெடுத்து வைத்தவை மட்டும் எஞ்சின. தமிழர்கள் பலர் நீண்ட விவாதங்கள் நடத்திய கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. 2020 ஜூன் 29-ஆம் நாள் இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தபோது, வயல் வரப்பிலும் வீட்டு முற்றத்திலும் நின்று காணொலி எடுத்துப் பெயர் பெற்றிருந்த கிராமத்துக் கலைஞர்கள் தம் படைப்புகளையும் பார்வையாளர்களையும் ஒரே இரவில் இழந்தனர். மூடிய காரணங்கள் வெவ்வேறானவை. இழந்தவர்களின் நிலையோ ஒன்றுதான்: எழுதியதும் நடித்ததும் அவர்கள், இருப்பதா அழிவதா என்று முடிவு செய்தது வேறொருவர்.

இதற்கு மாற்றாக உருவானவையே கூட்டமைப்பு வலைகள். இவற்றில் பெயர்பெற்றது மாஸ்டடான். ஜெர்மனியின் யூகன் ரோச்கோ 2016-இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அது. மின்னஞ்சலில் ஒரு நிறுவனத்தின் முகவரி வைத்திருப்பவர் இன்னொரு நிறுவனத்தின் முகவரிக்குத் தடையின்றி எழுத முடிவதைப் போலவே, மாஸ்டடானில் ஒரு வழங்கியில், அதாவது பலருடைய கணக்குகளையும் தாங்கி நிற்கும் ஒரு கணினியில், கணக்கு வைத்திருப்பவர் வேறொரு வழங்கியில் இருப்பவரைப் பின்தொடரலாம், மறுமொழி எழுதலாம். ஆயிரக்கணக்கான வழங்கிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் பொது நெறிமுறை ஆக்டிவிட்டிபப் எனப்படும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அதை 2018 ஜனவரியில் ஏற்றது. நிழற்படங்களுக்குப் பிக்சல்ஃபெட், காணொலிகளுக்குப் பீர்டியூப் என்று அதே நெறிமுறையைப் பேசும் பிற மென்பொருள்களும் சேர்ந்ததே ஃபெடிவெர்ஸ் என்னும் பெருவலை.

திறந்தமூலமாக இருப்பதும் பரவலாக்கப்பட்டிருப்பதும் ஒன்றல்ல என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். சிக்னல் என்ற அரட்டைச் செயலியின் மூலநிரல் திறந்திருந்தாலும், செய்திகள் அனைத்தும் ஒரே அமைப்பின் வழங்கிகள் வழியாகவே செல்கின்றன. மின்னஞ்சலோ பரவலாக்கப்பட்டது, ஆனால் பலரும் அதைத் திறந்தமூலம் அல்லாத செயலிகளிலேயே பயன்படுத்துகின்றனர்.

இந்தியாவில் மாஸ்டடானின் பெயர் பரவலாக அடிபட்டது 2019 நவம்பரில், உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் டிவிட்டர் கணக்கு முடக்கப்பட்டதை எதிர்த்துப் பலர் அங்கே குடிபெயர்ந்தபோது. 2022 அக்டோபரில் எலான் மஸ்க் டிவிட்டரை வாங்கியபின் உலக அளவில் இன்னும் பெரிய அலை எழுந்தது. இரண்டு அலைகளிலும் வந்தவர்களில் பலர் திரும்பிச் சென்றனர். காரணத்தை அன்றாடப் பயன்பாட்டிலேயே காணலாம். புதிதாக வருபவரிடம் முதலில் எந்த வழங்கியில் சேர்வது என்ற கேள்வி வைக்கப்படுகிறது. சேர்ந்தபின் யாரைப் பார்க்க வேண்டும் என்று எந்தக் கணிப்புநிரலும் ஊட்டிவிடுவதில்லை, பின்தொடர்பவர்கள் எழுதியது எழுதிய வரிசையிலேயே வருகிறது. விளம்பரமும் சண்டையை வளர்க்கும் பரிந்துரையும் இல்லாத அந்த அமைதி சிலருக்குப் பெரும் விடுதலை. ஊராரும் உறவினரும் வாட்ஸ்அப்பிலேயே இருக்க, தமிழ்ப் பேச்சுக் குறைவாக உள்ள ஓரிடத்தில் தனித்து நிற்பது பிறருக்கு வெறுமை.

குறைகளையும் மறைக்காமல் சொல்வதே இவ்வியக்கத்துக்கு நன்மை செய்யும். மாஸ்டடானில் ஒரு வழங்கியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது பின்தொடர்பவர்களை உடன் கொண்டுசெல்லலாம். பழைய இடுகைகள் பழைய வழங்கியிலேயே தங்கிவிடும், அவற்றின் படியைத் தரவிறக்கி வைத்துக்கொள்ள மட்டுமே முடியும். தனிச்செய்திகளும் முழுமையாக மறையாக்கம் செய்யப்பட்டவை அல்ல; வழங்கியை நடத்துபவர் விரும்பினால் படிக்க இயலும். அவர் பெரும்பாலும் தம் ஓய்வு நேரத்திலும் தம் கைக்காசிலும் அதை நடத்துபவர். வசைகளை நீக்குவது, நிரலைப் புதுப்பிப்பது, மாத வாடகை கட்டுவது என்ற சுமை தாங்காமல் அவர் விலகினால் வழங்கி மூடப்படும். ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன் குடமுருட்டிப் பாசனத்து ஊர்கள் தத்தம் வாய்க்காலைத் தூர்வாரிக் கரை கட்டிய குடிமராமத்தும் இத்தகைய பொறுப்பே. வீட்டுக்கு ஓர் ஆள் வராத ஊரின் கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை. அவ்வுழைப்பைச் சட்டம் போட்டு வாங்க 1858-இல் சென்னை மாகாண அரசு முனைந்தது என்பதே, பொதுப்பொருளைப் பேணும் வழக்கம் தானாக நிலைப்பதில்லை என்பதற்குச் சான்று.

ஒன்றோடொன்று பேசும் வலை என்ற எண்ணம் நிறுவனங்களிடமும் தோன்றியிருக்கிறது. தஞ்சை மாவட்டத்தில் பிறந்த ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ நிறுவனம் 2021-இல் வெளியிட்ட 'அரட்டை' என்ற செய்திச் செயலி 2025 செப்டம்பர் இறுதியில் திடீரென்று பரவியபோது, செய்திச் செயலிகளும் யுபிஐ, மின்னஞ்சல் ஆகியவற்றைப் போல ஒன்றோடொன்று பேசும்படி இருக்க வேண்டும் என்றும், அதற்கான நெறிமுறைகளைத் தரப்படுத்தி வெளியிட முயல்வதாகவும் அவர் அறிவித்தார். அரட்டையின் மூலநிரல் திறந்ததன்று. எனினும் பயனர்களைப் பூட்டி வைக்கும் ஆதாயத்தை ஒரு நிறுவனமே துறக்க முன்வருவதாகச் சொல்வது வரவேற்கத்தக்கது. அது நிறைவேறினால் ஜிபே வைத்திருப்பவர் போன்பே வைத்திருப்பவருக்குப் பணம் அனுப்புவது எவ்வளவு இயல்பாகிவிட்டதோ, அவ்வளவு இயல்பாகச் செய்தியும் செயலி கடந்து போகும். ஐரோப்பிய ஒன்றியம் வாட்ஸ்அப்பிடம் இதையே சட்டத்தின் மூலம் கேட்டிருக்கிறது.

கட்டற்ற மென்பொருள் பற்றிய அறிவைத் தமிழில் வளர்ப்போர் பெரும்பாலும் தன்னார்வலர்களே. த. சீனிவாசன் உள்ளிட்டோர் 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழ், லினக்ஸ் முதல் நிரலாக்கம் வரை எளிய தமிழில் கட்டுரைகளை எவரும் பகிரும் உரிமத்தில் வெளியிடுகிறது. விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு, பெருநகர் அல்லாத ஒரு மாவட்டத் தலைநகரில் கிராமப்புற மாணவர்களுக்கு இலவசப் பயிற்சி அளித்து வருகிறது. காஞ்சிபுரத்திலும் அத்தகைய குழு உண்டு. பாபநாசம் வட்டாரத்தில் ஒரு பள்ளி ஆய்வகமோ ஊர் நூலகமோ இடம் கொடுத்தால் அங்கும் அது நடக்கக்கூடியதே.

நிரல் எழுதத் தெரியாதோருக்கும் இவ்வியக்கத்தில் வேலை இருக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் தம் ஊர் வாய்க்காலுக்கும் தெருவுக்கும் உள்ள பெயரைத் தமிழிலேயே பதியலாம். மாஸ்டடானின் தமிழ் இடைமுகத்தில் இன்னும் ஆங்கிலமாகவே நிற்கும் வரிகளை மொழிபெயர்க்கலாம். மொழிபெயர்ப்பு ஏற்கப்பட்டால், அடுத்த பதிப்பில் சென்னை, யாழ்ப்பாணம், டொராண்டோ என எங்கிருந்து அதைத் திறப்பவருக்கும் அந்தத் தமிழ் வரி தோன்றும்.