உழவு நின்ற வயல்கள் இரண்டு

டீ கொதிக்கட்டும், அதற்குள் ஒரு வயலின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் என்றொரு பழைய வேளாண் ஆய்வு நிலையம். அங்கே பிராட்பாக் என்ற வயலில் 1843 முதல் கோதுமை ஆராய்ச்சி நடந்துவருகிறது. 1882-இல் அந்த வயலின் ஓரத்தில் விளைந்து நின்ற கோதுமையை அறுக்காமல் அப்படியே விட்டார்கள். ஆள் கை வைக்காவிட்டால் பயிர் என்ன ஆகும் என்று பார்க்கத்தான். நாலே வருஷத்தில் களைகள் நெருக்கி, கோதுமை அநேகமாக அற்றுப்போனது. பிறகு முட்புதர், அதன்பின் மரங்கள். இன்று அதன் ஒரு பகுதி காடு.

மேலே நடந்தது கண்ணுக்குத் தெரிந்தது. என் மனம் கீழே நடந்ததில்தான் நிற்கிறது. ஒரு சிட்டிகை மண்ணிலேயே கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. உழுது உரமிடும் நிலத்தில் உணவு திடீர் திடீரென்று வந்து விழும். அள்ளித் தின்று மளமளவென்று பெருகுகிறவைதான் அங்கே தழைக்கும். உழவு நின்றால் பூஞ்சை இழைகள் அறுபடுவதில்லை. இலைச்சருகும் வேரும் மெல்ல மக்கி, கொஞ்சம் கொஞ்சமாக இரை தருகின்றன. அப்போது நிதானமாக வளர்கிறவற்றுக்கு இடம் கிடைக்கிறது.

அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவை, காற்றிலுள்ள மீத்தேனைத் தின்று வாழ்பவை. பூமியைச் சூடாக்கும் வாயு அது. அம்மோனியம் கலந்த உரம் போட்டால் இவற்றின் வேலை கெடும். மீத்தேனைப் பிடிக்கவேண்டிய நொதியில் அம்மோனியா போய் உட்கார்ந்துகொள்வதுதான் காரணம். 1990-களில் அளந்து பார்த்தபோது, பிராட்பாக் காட்டு மண் பக்கத்து உழவு மண்ணைப்போல இரண்டு மடங்குக்கு மேல் மீத்தேனை உறிஞ்சியது.

விட்டுவிட்டால் எல்லாம் தானே சரியாகும் என்று தோன்றுகிறதல்லவா? அதே நிலையத்தில் கீஸ்கிராஃப்ட் என்று இன்னொரு வயல் உண்டு. 1886-இல் கைவிட்டார்கள், அதுவும் காடானது. ஆனால் அந்த மண் மீத்தேனைத் தொடவே இல்லை.

இரண்டும் காடுதான், பெரிய வித்தியாசம் மண்ணின் புளிப்பில்தான். பிராட்பாக்கில் பழைய காலத்து விவசாயிகள் சுண்ணாம்பு மண்ணை வண்டி வண்டியாகக் கொட்டியிருந்தார்கள். அதனால் அங்கே, புளிப்பு ஏற ஏற இறங்கும் பி.எச். எண் இன்னும் 7-க்குக் குறையவில்லை. கீஸ்கிராஃப்டுக்கு அவ்வளவு சுண்ணாம்பு வாய்க்கவில்லை. மழையும் புகை கலந்த காற்றும் மரங்களும் சேர்ந்து அந்த மண்ணை 4-க்குப் பக்கத்தில் இறக்கிவிட்டன. புளித்த தயிரின் அளவு அது. பாக்டீரியாவின் மெல்லிய உடலுக்கு இந்த எண்தான் மரநிழலைவிடப் பெரிய விஷயம்.

கைவிட்ட நிலத்தைப் பார்க்கும்போதெல்லாம், அங்கே முளைத்திருப்பது என்ன என்பதோடு, கடைசியாக உழுதவர் அதில் என்ன கொட்டினார் என்றும் கேட்கத் தோன்றுகிறது. ரோத்தம்ஸ்டெட்டில் அதற்குப் பதில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டிலிருந்து மண்ணை எடுத்து, உலர்த்தி, புட்டிகளில் அடைத்து வைத்திருக்கிறார்கள். கீஸ்கிராஃப்டில் 1883-இல் எடுத்த மண்ணும் அங்கே உண்டு. அதன் பி.எச். ஏறத்தாழ 7. 4-க்குப் பக்கத்தில் இறங்கியதெல்லாம் கைவிட்ட பிறகுதான்.