மீன் தொட்டிக்கு மூடி: வீட்டிலேயே செய்யலாம், செலவும் குறைவு

இப்போது நம் தோட்டங்களில் பல லயங்களில் இஸ்தோப்பில் ஒரு மீன் தொட்டியைப் பார்க்கலாம். கப்பி, ஃபைட்டர், தங்கமீன் என்று பிள்ளைகள் ஆசையாக வளர்க்கிறார்கள். சில இளைஞர்கள் குஞ்சு பொரிக்க வைத்து விற்று நாலு காசும் பார்க்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் பாதித் தொட்டிகளுக்கு மேல் மூடி இல்லை. "தண்ணிக்குள்ள கிடக்கிற மீனுக்கு மூடி எதுக்கு ஐயா?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லவே இந்தக் கட்டுரை.

மூடி ஏன் வேண்டும்?

முதலாவது, மீன் துள்ளும். ஃபைட்டரும் கப்பியும் இரவில் துள்ளி வெளியே விழும். காலையில் தரையில் காய்ந்து கிடக்கும்.

இரண்டாவது, நம் வீட்டு அடுப்பு. விறகு எரிக்கும் காம்பராவில் புகைக்கரி நேராகத் தண்ணீர் மேல் படிந்து எண்ணெய்ப் படலம் மாதிரி நிற்கும். அந்தப் படலம் காற்று தண்ணீரில் கலப்பதைக் குறைக்கும். பல்லி, கரப்பான், எலி விழுவதும் உண்டு. பூனையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, குளிர். நுவரெலியா பக்கம் இரவுக் குளிர் எல்லாருக்கும் தெரியும். கப்பிக்கும் ஃபைட்டருக்கும் 24 முதல் 28 பாகை வரை சூடு இருந்தால் நல்லது. மூடி சூட்டை உண்டாக்காது, இருக்கிற சூடு ஆவியோடு போவதைத்தான் குறைக்கும். ஆகவே மிக உயரமான தோட்டத்தில் உள்ளவர்கள் குளிர் தாங்கும் தங்கமீனை வளர்ப்பதே புத்தி.

நான்காவதுதான் முக்கியம்: சின்னப் பிள்ளை. தவழும் குழந்தை மூழ்க ஒரு சாண் தண்ணீர் போதும். மூடி போட்டாலும் தொட்டியைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், ஆடாத பலகை மேல் வைக்க வேண்டும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டியில் 10 அங்குலம் தண்ணீர் விட்டால் தண்ணீர் மட்டும் ஏறக்குறைய 47 கிலோ. ஆட்டம் காணும் மேசை அதைத் தாங்காது.

எதில் செய்யக்கூடாது?

தகரத்தில் செய்யாதீர்கள். மூடியில் ஆவி படிந்து சொட்டும்போது தகரத்தின் மேலுள்ள துத்தநாகமும் கரைந்து இறங்கும். அது மீனுக்கு நஞ்சு. மருந்துக் கேன், உரப்பை இவற்றை வெட்டியும் போடாதீர்கள். கொப்புள நோய்க்குத் தேயிலைக்கு அடிக்கும் செப்பு மருந்து கொஞ்சம் பட்டாலே மீன் செத்துப்போகும். மருந்து அடித்துவிட்டு வருபவர்கள் சவர்க்காரம் போட்டுக் குளித்து, உடுப்பு மாற்றாமல் தொட்டியில் கை வைக்கக்கூடாது. அந்தக் கையால் பிள்ளையைத் தூக்கவும் கூடாது.

கண்ணாடி மூடி நல்லதுதான். ஆனால் 2 அடித் தொட்டிக்கு 4 மி.மீ. கண்ணாடி போட்டால் ஏறக்குறைய 1 கிலோ 800 கிராம் வரும். பிள்ளை கையில் நழுவினால் ஆபத்து. எனவே நமக்கு ஏற்றது விளம்பரப் பலகைக்குப் பாவிக்கும், உள்ளே குழாய் குழாயாக இருக்கும் இலேசான பிளாஸ்டிக் பலகை. பழைய துண்டு கிடைத்தாலும் போதும், நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்.

தேவையான பொருட்கள்

பிளாஸ்டிக் பலகை (4 அல்லது 5 மி.மீ.), மீன் தொட்டிக்குரிய சிலிக்கன் பசை, ஒரு துண்டு நுளம்பு வலை, பழைய போத்தல் மூடி ஒன்று, கூர்மையான கத்தி, அடிமட்டம். குளியலறைக்கு விற்கும் பூஞ்சணம் பிடிக்காத பசை வேண்டாம், அதிலுள்ள மருந்து மீனுக்கு ஆகாது.

செய்யும் முறை

1. தொட்டியின் உள்ளளவை அளந்து, நீளத்திலும் அகலத்திலும் கால் அங்குலம் குறைத்துப் பலகையை வெட்டுங்கள். குழாய்கள் நீளவாட்டில் ஓட வேண்டும்.

2. மிச்சப் பலகையில் 1 அங்குலச் சதுரமாக 6 துண்டு வெட்டி, தொட்டியின் உள்பக்கம், விளிம்பிலிருந்து அரை அங்குலம் கீழே, முன்பக்கம் மூன்றும் பின்பக்கம் மூன்றுமாக ஒட்டுங்கள். மூடி இவற்றின் மேல் உட்காரும். மூடி விளிம்புக்கு உள்ளே இருந்தால் சொட்டும் தண்ணீர் தொட்டிக்குள்ளேயே விழும், வெளியே வழியாது. இதை வெறும் தொட்டியில் செய்து, பசை 2 நாள் காய்ந்து மணம் போனபிறகே தண்ணீர் விடுங்கள்.

3. பின்பக்கத்திலிருந்து 4 அங்குலத்தில் நீளவாட்டில் ஒரு கோடு போடுங்கள். பலகையின் அடித்தோலை மட்டும் கோட்டின்மேல் வெட்டுங்கள், மேல்தோலை விட்டுவிடுங்கள். அதுவே கீல். முன்பாகம் மேலே திறக்கும், அதன் வழியாக இரை போடலாம்.

4. பின்பக்க இரு மூலைகளிலும் ஒன்றரை அங்குலச் சதுரம் வெட்டி, வலையை ஒட்டுங்கள். ஒரு வலையில் காற்றுக் குழாய்க்குத் துளை விடுங்கள். மூடியைக் காற்றுப்புகாமல் அடைக்கக்கூடாது. ஃபைட்டர் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன். தண்ணீருக்கும் மூடிக்கும் இடையே 2 அங்குலம் விடுங்கள்.

5. பலகையின் இரு ஓரத்திலும் திறந்திருக்கும் குழாய் வாய்களைப் பசையால் அடையுங்கள். இல்லாவிட்டால் தண்ணீரும் பூச்சியும் உள்ளே போகும். போத்தல் மூடியை முன்பாகத்தில் ஒட்டினால் கைபிடி.

மின்சாரம்: விளையாட்டல்ல

மூடிக்குள் 230 வோல்ட் மின்குமிழைத் தொங்கவிடாதீர்கள். உள்ளே எப்போதும் ஈரம். மூட்டுப் போட்ட வயர், தேய்ந்த ஹோல்டர் எல்லாம் உயிருக்கு ஆபத்து. வெளிச்சம் பகலில் ஜன்னலிலிருந்து வருவது போதும். காற்றுப் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில் மாட்டுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியாகப் பம்புக்குள் இறங்கும். பிளக்குக்கு வரும் வயர் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏற வேண்டும், அப்போதுதான் வழியும் சொட்டு பிளக்குக்குப் போகாது. கை விடுமுன் பிளக்கைக் கழற்றுங்கள். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

நுளம்பையும் மறக்காதீர்கள்

மீன் உள்ள தொட்டியில் நுளம்புப் புழுவை மீனே தின்றுவிடும். மீன் செத்து, தண்ணீர் மட்டும் மிஞ்சிய தொட்டிதான் கேடு. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே வெறுந்தொட்டியைச் சும்மா கவிழ்த்தால் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிக் காய வைக்க வேண்டும். 2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

இதே பலகையும் வலையும் குடிதண்ணீர் பீப்பாய்க்கும் மூடியாகும். மீன் தொட்டிக்குச் செய்யும்போது அதற்கும் ஒன்று செய்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பகல் போதும். வெட்டும் வேலையைப் பெரியவர்கள் செய்து, அளக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். கணக்கும் படியும், மீனும் பிழைக்கும்.