ஊடுதண்டு மின்கிதாரும் ஏகாண்ட வீணையும்

மின்கிதாரின் தண்டு அதன் உடலோடு சேரும் முறைகள் மூன்று. தண்டைத் தனியே செய்து உடலில் திருகாணியால் முடுக்குவது ஒன்று. உடலில் குழி வெட்டிப் பசையிட்டுப் பொருத்துவது இன்னொன்று. மூன்றாவது முறையில் அந்த இணைப்பே கிடையாது. தலைப்பகுதியில் தொடங்கும் மரம் கழுத்தாக நீண்டு, உடலின் நடுவே ஓடி, கருவியின் கடைசி விளிம்பில்தான் முடிகிறது. உடல் என்று நாம் பார்ப்பது அந்த நடுமரத்தின் இருபுறமும் ஒட்டப்பட்ட இரண்டு சிறகுகளையே. ஆங்கிலத்தில் 'நெக்-த்ரூ' எனப்படும் இம்முறையை இக்கட்டுரை 'ஊடுதண்டு' என்று குறிக்கிறது.

தமிழ்நாட்டினருக்கு இது புதிய எண்ணமன்று. தஞ்சாவூரில் குடமும் தண்டியும் ஒரே பலாக்கட்டையில் குடையப்பட்ட வீணைக்கு 'ஏகாண்ட வீணை' என்று பெயர். 'ஒரே துண்டு' என்னும் பொருள்படும் இச்சொல் பேச்சு வழக்கில் 'ஏகாந்த வீணை' ஆகிவிட்டது. தனிமைக்கும் இதற்கும் தொடர்பில்லை. குடத்தையும் தண்டியையும் தனித்தனியே செய்து சேர்ப்பது ஒட்டு வீணை. ஏகாண்டத்திலும் மேற்பலகை, சுரைக்குடுக்கை, குதிரை, பிருடைகள் ஆகியவை தனியாகச் செய்து பொருத்தப்படுபவையே. கம்பிகளின் இழுவையைத் தாங்கும் முதுகெலும்பு மட்டும் ஒட்டில்லாமல் இருக்கும். தஞ்சாவூர் வீணைக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஏகாண்டத்துக்கு விலை அதிகம். குடத்தின் அகலத்துக்கு ஈடான பருத்த அடிமரம் வேண்டும். தண்டி மெலிந்து செல்லும் இடத்தில் அந்தப் பருமனில் பெரும்பகுதி சிராயாகக் கழிந்துவிடும். பண்ருட்டிப் பக்கத்துப் பலா பழத்துக்குப் புகழ்பெற்றது. வீணை செய்பவர்களும் அதைத் தேடி வாங்குகிறார்கள். ஆனால் வெடிப்பும் கணுவும் இல்லாத முதிர்ந்த பெருமரம் எப்போதும் கிடைப்பதில்லை. ஒட்டு வீணை பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம். அதை மட்டமான சரக்கு என்று ஒதுக்குவது சரியன்று. ஒட்டு நேர்த்தியாக இருந்தால் நல்ல வீணையே.

மின்கிதாரின் கதை

1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கக் கலைஞர் லெஸ் பால், ஒரு பைன் மரக்கட்டையை நடுவில் வைத்து, அதன் இருபுறமும் பழைய கிதார் உடலின் பாதிகளை ஒட்டி வாசித்துக் காட்டினார். கட்டை போலவே இருந்ததால் அதற்குக் 'கட்டை' என்றே பெயர் விழுந்தது. 1948இல் கலிபோர்னியாவில் பால் பிக்ஸ்பி, பாடகர் மெர்ல் டிராவிஸுக்காகச் செய்த கிதார் இந்தக் கட்டுரைக்கு இன்னும் நெருக்கமானது. அது ஒருவர் கேட்டபடி ஒருவருக்கென்றே செய்த கருவி, ஊடுதண்டு உடையது, பறவைக்கண் போன்ற புள்ளிகள் நிறைந்த மேப்பிள் மரத்தாலானது. 1957இல் ரிக்கன்பேக்கர் 4000 என்னும் பேஸ் கிதாரும், 1963இல் கிப்சன் பயர்பேர்டும் இந்த முறையைத் தொழிற்சாலைக்குக் கொண்டு சென்றன.

தண்டுக்கு எந்த மரம்?

அழகிய ரேகையுள்ள மரத்தைக் கண்டதும் முழுக் கிதாரையும் அதிலேயே செய்துவிட ஆசை பிறப்பது இயல்பு. இந்த வேலையில் முதலில் அடக்க வேண்டியது அந்த ஆசையைத்தான்.

மர இழைகள் நேராக ஓடாமல் அலையலையாக வளைந்து செல்லும்போது, அறுத்த பரப்பில் சில இடங்களில் இழையின் பக்கமும் சில இடங்களில் அதன் முனையும் தெரிகின்றன. இரண்டும் ஒளியை வெவ்வேறு விதமாகத் திருப்புவதால் பலகையைச் சாய்க்கும்தோறும் வரிகள் நகர்வதுபோல் தோன்றும். மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையைத் திருப்பும்போது நிறம் மாறுவதை நினைத்துக்கொள்ளலாம். அழகுக்குக் காரணமான அதே வளைவு வலிமைக்குப் பகை. இழை பரப்பை வெட்டிக்கொண்டு வெளியேறும் இடத்தில் மரம் எளிதில் முறியும். ஈரம் ஏறி இறங்கும்போது ஒரே சீராக அசையாமல் முறுக்கிக்கொள்ளும்.

ஆறு எஃகுக் கம்பிகள் சேர்ந்து தண்டை ஏறத்தாழ 45 கிலோ விசையுடன் இழுக்கின்றன. ஆகவே தண்டுக்கு வேண்டியது நேரான இழையோட்டம். ஒரு மீட்டர் நீளமுள்ள ஒரே கட்டையைவிட, மூன்று அல்லது ஐந்து பட்டைகளை அடுக்கி ஒட்டிய கட்டையைப் பலரும் விரும்புகிறார்கள். அடுத்தடுத்த பட்டைகளின் வளர்ச்சி வளையங்களை எதிரெதிர் திசையில் வைத்தால் ஒன்றின் முறுக்கை மற்றொன்று தடுக்கும். பயர்பேர்டின் நடுமரம் மகோகனியும் வால்நட்டும் மாறி மாறி ஒட்டிய ஒன்பது பட்டைகளாலானது. ஒட்டில்லாத கருவி என்று பெயர் வாங்கும் கிதாரின் முதுகெலும்பிலேயே எட்டு ஒட்டுகள்! ஏகாண்டம் என்னும் சொல் இங்கே முழுமையாகப் பொருந்தாது.

நம்மூரில் இதற்குப் பழைய வீடுகளை இடித்தெடுத்த தேக்கு உத்திரம் நல்ல தேர்வு. பல பத்தாண்டுகள் காய்ந்து அடங்கிய மரம் அது. ஆணி மறைந்திருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்த பிறகே இழைப்புளியை எடுக்க வேண்டும். தேக்கில் இயற்கையான எண்ணெய்ப் பசை உண்டு; ஒட்டும் பரப்பைத் தின்னர் தோய்ந்த துணியால் துடைத்து உடனே பசையிடாவிட்டால் ஒட்டு பிடிக்காது. பலாவும் தண்டுக்கும் சிறகுக்கும் ஏற்றது. அதன் மஞ்சள் நிறம் ஆண்டுகள் செல்லச் செல்ல நல்ல பழுப்பாக மாறும்.

அலைவரி மரத்தின் இடம் சிறகுகளும் முகப்பும். முகப்புக்கு ஒரு பலகையைத் தடிப்பின் குறுக்கே இரண்டாக அறுத்து, புத்தகத்தை விரிப்பதுபோல் விரித்து அடுத்தடுத்து வைப்பார்கள். இடப்பக்க ரேகை வலப்பக்கத்தில் கண்ணாடிப் பிம்பமாக வரும். அலைவரி மரத்தை இழைக்கும்போது செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். கூர்மையான அலகு, மிக மெல்லிய சீவல், கடைசியில் இழைப்புளியை விட்டுவிட்டுச் சுரண்டுதகடு, அதன் பின் உப்புத்தாள் என்பதே வரிசை. சாயம் பூசி, காய்ந்ததும் லேசாகத் தேய்த்தெடுத்தால் இழைமுனைகள் குடித்த சாயம் மட்டும் தங்கி வரிகள் எழும்பித் தெரியும்.

பிழைக்கு இடமில்லாத கோணம்

திருகாணிக் கிதாரில் தண்டு சற்றே தாழ்ந்துவிட்டால் இணைப்பில் ஒரு மெல்லிய தகட்டைச் செருகிச் சரிசெய்யலாம். ஊடுதண்டில் அந்த வசதி கிடையாது. குதிரையின் உயரத்துக்கு ஏற்ப, கழுத்துப் பகுதி உடல் பகுதியிலிருந்து பின்னோக்கிச் சாய வேண்டும். உயரமான குதிரையானால் மூன்று, நான்கு பாகை வரை சாய்வு தேவைப்படும். உடல் தொடங்கும் இடத்திலிருந்து குதிரை 200 மி.மீ. தொலைவில் இருப்பதாகக் கொண்டால், ஒரு பாகைப் பிழை அங்கே 3.5 மி.மீ. உயர வேறுபாடாகிவிடும். கம்பி விரலுக்கு எட்டாத உயரத்தில் நிற்கும், அல்லது மெட்டுகளில் உராய்ந்து இரையும். எனவே முழு அளவில் பக்கவாட்டுப் படம் வரைந்து, குதிரையைக் கையில் வாங்கி அளந்த பிறகே கட்டையில் ரம்பம் வைக்க வேண்டும். கோணம் அறுத்து, வலுக்கம்பிக்கான பள்ளம் தோண்டி, நடுமரத்தின் இருபக்கமும் தட்டையானபின்தான் சிறகுகளை ஒட்டுவது. பசை காயும்வரை ஒருநாள் முழுதும் கிளாம்பில் கிடக்கட்டும்.

வலுக்கம்பி என்பது தண்டுக்குள் புதைக்கப்படும் எஃகுக் கம்பி. கம்பிகளின் இழுவையால் தண்டு முன்னோக்கி வளைந்தால் இதை முடுக்கி நிமிர்த்தலாம். கிப்சன் நிறுவனத்தின் தாடியஸ் மெக்ஹியூ இதற்கு 1923இல் காப்புரிமை பெற்றார். வீணையில் இது இல்லை; தண்டி வளைந்தால் மரத்தையே திருத்த வேண்டும்.

மெட்டுகள்

இரண்டு கருவிகளும் இங்கே ஒன்றுபோலத் தோன்றி உடனே பிரிகின்றன. வீணைக்கு 24 மெட்டுகள்; இப்படி நிலையான மெட்டுகள் அமைந்த வீணையைத் தஞ்சை ரகுநாத நாயக்கர் (ஆட்சி 1600–1634) காலத்தோடு இணைத்துச் சொல்வது மரபு. ஊடுதண்டுக் கிதார்கள் பலவற்றிலும் 24 மெட்டுகளே. கிதாரில் கணக்குதான் வழிகாட்டி: கம்பி நீளம் 648 மி.மீ. என்றால் அதை 1.05946 ஆல் வகுக்க 611.63 வரும், ஆக முதல் மெட்டு மேருவிலிருந்து 36.37 மி.மீ. தொலைவில். இப்படியே தொடர்ந்து வகுத்தால் பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 324 மி.மீ. இல் அமையும். அறுத்த வெட்டு அறுத்ததுதான். வீணையிலோ கரித்தூள் கலந்த மெழுகின் மேல் மெட்டை வைத்து, மீட்டிக் கேட்டுக் கேட்டு நகர்த்துவார்கள். மெழுகு தளர்ந்தால் மீண்டும் மேளம் கட்டலாம்.

ஒலி நீளுமா?

ஊடுதண்டில் நாதம் நீண்டு நிற்கும் என்பது விற்பவர்களும் வாங்குபவர்களும் ஒருசேரச் சொல்வது. அமெரிக்கக் கருவி வல்லுநர் ஆர். எம். மொட்டோலா ஒரே கருவியை முதலில் ஊடுதண்டாகவும், பிறகு அறுத்து ஒட்டியும், பிறகு திருகாணியிட்டும் அளந்து பார்த்தார். அந்த நம்பிக்கைக்கு அவருடைய முடிவுகள் துணைநிற்கவில்லை. இம்முறையின் உறுதியான பயன் வேறு: கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் தடித்த முண்டு இல்லாததால் இடக்கை கடைசி மெட்டுவரை தங்குதடையின்றிச் செல்லும். கமகத்துக்காகக் கம்பியில் நெடுந்தூரம் வழுக்க வேண்டிய கர்நாடக இசைக்கு இது சிறிய வசதியன்று. சுகுமார் பிரசாத், ஆர். பிரசன்னா போன்றோர் கிதாரில் கர்நாடக இசையை நிலைநிறுத்தியபின், இக்கருவியை அந்த நோக்கில் செய்யச் சொல்லிக் கேட்பவர்களுக்கு இதுவே போதிய காரணம்.

செம்மரமும் ஈட்டியும்

அலைவரிக்கு உலகமே விலை கொடுக்கும் ஒரு மரம் திருவள்ளூர் மாவட்ட எல்லையைத் தாண்டிய ஆந்திர மலைகளில்தான் வளர்கிறது. செம்மரத்தில் அலைவரி ஓடியதற்குத் தனி மதிப்பு. ஜப்பானில் சாமிசென் என்னும் மூன்று கம்பி இசைக்கருவியின் கழுத்து அதில் செய்யப்படுகிறது. நேர் இழை வேண்டும் என்று மேலே சொன்ன விதிக்கு இது விலக்கு: செம்மரம் நீரில் மூழ்கும் அளவு அடர்த்தியானது, சாமிசெனின் இழுவையும் குறைவு. அதே எடை காரணமாகக் கிதாரில் மெல்லிய பட்டைக்கு மேல் அது ஆகாது. வாங்குபவர் உரிய ஆவணங்களைக் கேட்டுப் பெற வேண்டும். 1995 முதல் அது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. விரற்பலகைக்கு ஏற்ற ஈட்டி மரத்தை வெட்டத் தமிழ்நாட்டில் பட்டா நிலத்திலும் அனுமதி வேண்டும் என்ற சட்டம் இருந்தது. ஈட்டி வகைகள் அனைத்தும் 2017இல் பன்னாட்டுப் பட்டியலில் சேர்ந்தன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு வந்தது.

பட்டாபிராம், ஆவடி போன்ற சென்னைப் புறநகர்களில் செய்பவர்கள் ஈரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 6 முதல் 8 விழுக்காடு ஈரம்வரை உலர்த்தி இறக்குமதியாகும் மேப்பிள், இங்கே 12 விழுக்காட்டுக்கு மேலும் ஈரம் இழுத்து உப்பும். வந்த பலகையைச் சில வாரங்கள் காற்றோட்டமாக அடுக்கிவைத்து, எடை மாறுவது நின்றபின் தொடங்குவது நல்லது. கம்பி கட்டிய முதல் மாதத்தில் தண்டு சற்று வளையும். ஐப்பசி மழையிலும் சித்திரை வெயிலிலும் மறுபடி அசையும். அப்போதெல்லாம் வலுக்கம்பியைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருகாமல், ஒருநாள் விட்டுப் பார்த்துத் திருக வேண்டும்.