டிராக்டர் என்ஜின் ஆயிலில் டீசல் கலத்தல்

டிராக்டர் என்ஜின் ஆயிலில் டீசல் கலத்தல் என்பது, எரிபொருள் அமைப்பிலிருந்து கசியும் டீசல் ஆயில் சம்ப்பில் சேரும் பழுதாகும். இதன் முதல் அடையாளம் ஆயில் மட்டம் உயர்வது. ஓட ஓட ஆயில் சிறிது குறைவதே இயல்பு. ஊற்றாமலே மட்டம் ஏறினால் வேறொரு திரவம் உள்ளே வருகிறது என்று பொருள்.

தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் கரும்பு, நிலக்கடலை வயல்களின் உழவு பெரும்பாலும் டிராக்டரை நம்பியே நடக்கிறது. 1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் மாசி பெர்குசன் உட்படப் பல வகை டிராக்டர்கள் இங்கு ஓடுகின்றன. எந்த வகையாயினும் இப்பழுதைக் கண்டறியும் அடிப்படை ஒன்றே.

அறிகுறிகள்

* டிப்ஸ்டிக்கில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டுதல்
* ஆயில் நீர்த்துப்போய் டீசல் வாடை வீசுதல்
* என்ஜின் சூடானதும் ஆயில் அழுத்தம் குறைதல்

ஆயில் கறுத்திருப்பது இதற்கு அடையாளமன்று; டீசல் என்ஜினில் அது இயல்பு. பால் போல வெளுத்திருந்தால் கலந்தது தண்ணீர். மட்டம் ஏறியும் டீசல் வாடை இல்லையென்றால், சில வகைகளில் என்ஜினோடு இணைந்துள்ள ஹைட்ராலிக் பம்பின் சீலைப் பார்க்க வேண்டும்.

காரணங்கள்

1. லிஃப்ட் பம்பின் டயாப்ரம் கிழிதல்.
2. இன்ஜெக்‌ஷன் பம்பின் ஷாஃப்ட் சீல் தேய்தல். சுழல் வகைப் பம்பின் உட்புறம் முழுவதும் டீசல் இருப்பதால், சீல் போனால் அது டைமிங் கியர் பகுதி வழியாகச் சம்ப்பில் இறங்கும்.
3. நாசில் ஒழுகுதல். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ரிங்குகளைக் கடந்து கீழே வடியும்.

கண்டறியும் முறை

டீசல் டேங்க் என்ஜினைவிட உயரத்தில் உள்ள டிராக்டரில் எளிய சோதனை ஒன்று உண்டு. சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஆயில் முழுவதும் வடிந்தபின் மட்டத்தைக் குறிக்கவும். டேங்க் குழாயைத் திறந்தே விட்டு மறுநாள் காலை பார்க்கவும். ஓடாமலே மட்டம் ஏறியிருந்தால் நாசில் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. லிஃப்ட் பம்பையோ ஷாஃப்ட் சீலையோ ஐயுற வேண்டும். ஏறவில்லையென்றால் மூன்றையும் சோதிக்க வேண்டும்.

லிஃப்ட் பம்பைக் கழற்றி, டீசல் குழாயை மட்டும் இணைத்துக் கை லீவரால் இயக்கினால், டயாப்ரம் கிழிந்திருக்கும்போது லீவர்ப் பக்கம் டீசல் சொட்டும். நாசில்களையும் இன்ஜெக்‌ஷன் பம்பையும் டீசல் பம்பு பட்டறையில் சோதிப்பதே முறை.

விளைவுகளும் எச்சரிக்கையும்

நீர்த்த ஆயில் பேரிங்குகளுக்கும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் இடையே தாங்கும் படலத்தை இழக்கிறது; பேரிங் தேய்ந்து என்ஜினே இறுகிப்போகலாம். மட்டம் மிகுந்தால், அந்தக் கலவையே காற்று வழியாக உறிஞ்சப்பட்டு எரிந்து, என்ஜின் கட்டுப்பாடின்றி வேகமெடுக்கலாம். அப்போது ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிற்காது. காற்று புகும் வழியை அடைத்தால்தான் நிற்கும்; கையால் அடைப்பது ஆபத்து.

ஆகவே மட்டம் ஏறியது தெரிந்ததும் டிராக்டரை இயக்கக் கூடாது. மிகுதியான ஆயிலை மட்டும் வடித்துவிட்டு ஓட்டுவதும் தவறு. கசிவைச் சரிசெய்தபின் ஆயிலையும் ஃபில்டரையும் முழுமையாக மாற்ற வேண்டும். காலைதோறும் டிப்ஸ்டிக் பார்க்கும் பழக்கம் இருந்தால் இப்பழுது தொடக்கத்திலேயே பிடிபடும்.