உச்சிக்கு 70 மீட்டர் கீழே

2016 பிப்ரவரி 26. பாகிஸ்தானின் நங்கா பர்பத் மலையில் நான்கு பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். 8,126 மீட்டர் உயரம் கொண்ட அந்த மலையில் 1953 கோடையிலேயே ஹெர்மன் பூல் தனியாளாக ஏறிவிட்டார். குளிர்காலத்தில் மட்டும் அது யாருக்கும் பிடிகொடுக்கவில்லை. 1988-ல் போலந்துக்காரர்கள் தொடங்கிவைத்தார்கள். அதன்பின் வந்த அணிகளும் வெறுங்கையோடுதான் திரும்பின.

காரணம் பனி மட்டுமல்ல. வானத்தில் வெகு உயரத்தில் சீறிப் பாயும் காற்று குளிர்காலத்தில் தெற்கே நகர்ந்து அந்தச் சிகரத்தை அறைகிறது. காற்றழுத்தமும் குறைந்துவிடுவதால், அதே உயரத்தில் கோடையில் கிடைக்கும் ஆக்சிஜன்கூடக் கிடைக்காது. பகலும் சிறுத்துவிடும். மாலையில் உச்சியைத் தொட்டால் இருட்டில்தான் இறங்க வேண்டும்.

சிமோனே மோரோ, அலெக்ஸ் சிக்கோன், அலி சத்பாரா மூவரும் அன்று உச்சியை அடைந்தார்கள். நான்காமவர் தமாரா லுங்கர், 29 வயது இத்தாலிக்காரர். 2014-ல் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் கே2 மலையில் ஏறியவர். அன்று காலையில் சாப்பிட்டது அவர் வயிற்றில் தங்கவில்லை. அப்படியும் நாள் முழுக்க ஏறினார். உச்சிக்கு இன்னும் சுமார் 70 மீட்டர்தான், ஒரு இருபது மாடிக் கட்டடத்தின் உயரம். அங்கே நின்று, திரும்பினார்.

போயிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். ஏறியிருப்பார்தான். ஆனால் சொந்தக் காலில் இறங்க முடியாது, மற்ற மூவருக்கும் பாரமாகிவிடுவோம் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அடிவாரத்தில் வானிலை அறிக்கையைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறைய பேர். உச்சி கண்ணெதிரே தெரியும்போது, கூட வந்தவர்கள் முன்னே போய்க்கொண்டிருக்கும்போது, மாதக்கணக்கான உழைப்பையும் செலவையும் விட்டுவிட்டுத் திரும்புகிற மனம் வேறு ரகம். என்னைக் கேட்டால் அன்றைய பெரிய சாதனை அதுதான். இறங்கும் வழியில் கால் தவறி ஏறக்குறைய 200 மீட்டர் சறுக்கிப் போனார் லுங்கர். புதுப்பனி தடுத்ததால் பிழைத்தார்.

போலந்தின் மாச்சேய் பெர்பெகாவின் கதை வேறு. 1988 குளிர்காலத்தில் பிராட் பீக் மலையின் முன்சிகரத்தை உச்சி என்று நினைத்து இறங்கிவிட்டார். உண்மை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. 25 ஆண்டு கழித்து, 58 வயதில், 2013 மார்ச்சில் மறுபடி போனார். இம்முறை அசல் உச்சியையே தொட்டார், பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவரும் உடன் வந்த இளைஞர் ஒருவரும் கீழே வந்து சேரவில்லை.

நங்கா பர்பத்தில் குளிர்காலத்தில் ஏறிய முதல் பெண் என்ற பெயர் 2018-ல் பிரான்ஸின் எலிசபெத் ரெவோலுக்குப் போனது. அவருடன் ஏறிய தோமாஸ் மாக்கியேவிச் இறங்கும்போது மலையிலேயே இறந்தார். 2021 பிப்ரவரியில் கே2-வில் அலி சத்பாராவும் மாண்டார். அதே குளிர்காலத்தில் அதே மலைக்கு லுங்கரும் போயிருந்தார். உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றதும் இறங்கிவிட்டார்.