தருக்கச் சுட்டு

தருக்கச் சுட்டு என்பது எண்முறை நிரலாக்கத்தில், ஓர் அணியின் உறுப்புகளுள் குறிப்பிட்ட நிபந்தனையை நிறைவு செய்பவற்றை மட்டும் பிரித்தெடுக்கும் முறையாகும். மாட்லாப் மொழியிலும், பைத்தானின் நம்பை நிரல் நூலகத்திலும் இது பரவலாகப் பயன்படுகிறது.

செயல்முறை

38, 41, 36, 43 ஆகிய மதிப்புகளைக் கொண்ட வெப்பம் என்ற நம்பை அணியை எடுத்துக்கொள்ளலாம். வெப்பம் > 40 என ஒப்பிட்டால், பொய், மெய், பொய், மெய் என்று அதே நீளமுள்ள ஓர் அணி கிடைக்கும். இது முகமூடி எனப்படும். வெப்பம்[வெப்பம் > 40] என எழுதினால், மெய் உள்ள இடங்களின் மதிப்புகளான 41, 43 மட்டும் புதிய அணியாகக் கிடைக்கும்.

திறன்

ஒப்பீடும் தெரிவும் முன்பே தொகுக்கப்பட்ட நிரலில் நடைபெறுகின்றன. எனவே பெரிய அணிகளில், பைத்தான் மடக்கின் மூலம் ஒவ்வோர் உறுப்பாகச் சோதிப்பதைவிட இம்முறை மிக விரைவானது. எனினும் முகமூடிக்கும் நினைவகம் தேவை. 1 கோடி 64-பிட்டு எண்கள் 8 கோடி பைட்டுகளையும், அவற்றுக்கான முகமூடி 1 கோடி பைட்டுகளையும் எடுத்துக்கொள்ளும்.

விடுபட்ட மதிப்புகள்

விடுபட்ட அளவீட்டைக் குறிக்கும் 'எண் அல்ல' என்னும் மதிப்பை 40 உடன் பெரிது, சிறிது என எப்படி ஒப்பிட்டாலும் பொய் என்றே வரும். ஆகவே மேற்கண்ட முகமூடியைத் தலைகீழாக்கி மற்ற மதிப்புகளைத் தெரிவு செய்தால், விடுபட்டவையும் உடன் நுழைந்துவிடும். பின்னர் காணும் சராசரியும் 'எண் அல்ல' என்றாகும். வெப்பம் <= 40 என நேரடியாக எழுதினால் இப்பிழை நேராது.