வீட்டு கம்ப்யூட்டரில் எழுத எது நல்லது?

வீட்டுக்கு புதிய கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம்!

தாத்தா பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து வருகிறார். அதில் இருப்பது குடும்ப வரலாறு. "கண்ணு, இதை டைப் அடித்து வைப்பா. உன் பிள்ளைகளும் படிக்க வேண்டும்" என்கிறார்.

பேரன் உட்காருகிறான். எதில் எழுதுவது?

கம்ப்யூட்டர் மேஜை போன்றது. எழுதுவதற்கு தனியாக ஒரு சாப்ட்வேர் வேண்டும். முன்பு விண்டோசுடன் "வேர்ட்பேட்" என்ற சாப்ட்வேர் இலவசமாக வந்தது. 2024-ம் ஆண்டில் வந்த விண்டோஸ் 11 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். ஆகவே, நாமேதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிறந்த கதை

அமெரிக்காவில் மைக்கேல் ஷ்ரேயர் என்பவர் ஒரு புரோகிராம் தயாரித்தார். அதற்கு விளக்கப் புத்தகம் எழுத வேண்டியிருந்தது. டைப்ரைட்டரில் அடிக்க அவருக்கு மனம் இல்லை.

"கம்ப்யூட்டரிலேயே எழுதினால் என்ன?" என்று நினைத்தார். 1976-ம் ஆண்டில் "எலெக்ட்ரிக் பென்சில்" பிறந்தது!

1978-ல் "வேர்டுஸ்டார்" வந்தது. ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் அதுதான். இன்று அது கடையில் கிடைக்காது. 1983-ல் "மைக்ரோசாப்ட் வேர்டு" வந்தது. அது இன்றும் இருக்கிறது.

இதில் ஒரு பாடம் உண்டு. சாப்ட்வேர் வரும், போகும். எழுதியது நிலைக்க வேண்டும்!

மூன்று வழிகள்

முதலாவது, மைக்ரோசாப்ட் வேர்டு. ஆபீசுகளில் அதிகம் உபயோகிப்பது இதுதான். வேலைக்கு மனு, ஆபீஸ் கடிதம் அனுப்புகிறவர்களுக்கு நல்லது. ஆனால் பணம் கட்ட வேண்டும். சந்தா முறையில் வாங்கினால், சந்தா முடிந்ததும் பழைய கடிதங்களை படிக்கலாம், பிரிண்ட் எடுக்கலாம். திருத்த முடியாது.

இரண்டாவது, "லிப்ரே ஆபிஸ்". 2010-ம் ஆண்டில் தொடங்கியது. முற்றிலும் இலவசம். ஒரு முறை ஏற்றிவிட்டால் இன்டர்நெட் இல்லாமலே வேலை செய்யும். வேர்டில் எழுதிய கடிதத்தையும் திறக்கும். சில சமயம் கட்டங்களும் படங்களும் இடம் மாறி தெரியலாம். அதன் சொந்த இணையதளத்தில் இருந்து மட்டுமே எடுக்க வேண்டும். போலிகள் ஜாக்கிரதை!

மூன்றாவது, "கூகுள் டாக்ஸ்". எழுதுவதற்கு பணம் இல்லை. எழுத எழுத தானே சேமித்துக்கொள்ளும். கரண்ட் போனாலும் பயம் இல்லை. அண்ணன் சென்னையிலும் தங்கை மதுரையிலும் இருந்துகொண்டு ஒரே கடிதத்தை திருத்தலாம். ஆனால் இன்டர்நெட் தேவை. இல்லாத நேரத்திலும் எழுத வேண்டுமானால் முன்கூட்டியே அதற்கு ஏற்பாடு செய்து வைக்க வேண்டும்.

தமிழில் எழுதுகிறீர்களா?

அப்படியானால் முக்கியமாக கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு.

முன்பெல்லாம் தமிழ் எழுத்துருக்களுக்கு பலவிதமான குறியீடுகள் இருந்தன. ஒரு எழுத்துருவில் அடித்ததை, அது இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துக்களும் புள்ளிகளும் தாறுமாறாக தெரியும். பலர் ஆசையாக அடித்து வைத்த பக்கங்கள் இப்படி படிக்க முடியாமல் போயின.

இந்த தொல்லைக்கு மருந்து "யூனிகோடு". 1991-ல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. "க" என்ற எழுத்துக்கு அதில் 2965 என்ற எண். சென்னையிலும் அதே எண். சிங்கப்பூரிலும் அதே எண்! தமிழ் எங்கும் தமிழாகவே தெரியும்.

மேலே சொன்ன மூன்றிலும் யூனிகோடில் எழுதலாம். தமிழ் விசைப்பலகையை விண்டோசிலேயே சேர்த்துக்கொள்ளலாம். தனியாக வாங்க வேண்டியது இல்லை.

சோதித்துப் பாருங்கள்

பணம் கட்டும் முன், இலவசமாக கிடைப்பதில் ஒரு பக்கம் தமிழில் அடித்துப் பாருங்கள். "கொய்யா", "கௌரி", "ஸ்ரீ" போன்ற சொற்கள் உடையாமல் வருகின்றனவா? பிரிண்ட் சரியாக வருகிறதா? வேறொரு கம்ப்யூட்டரில் திறக்கிறதா? எல்லாம் சரியாக இருந்தால், வீட்டுக்கு அதுவே போதும்.

கடையில் பிரிண்ட் எடுக்க "பி.டி.எப்." ஆக மாற்றிக் கொண்டு போங்கள். பக்கம் கலையாது. திருத்துவதற்கான மூலப் பிரதியையும் வைத்திருங்கள். இன்னொரு பிரதி பென் டிரைவில் இருக்கட்டும். கம்ப்யூட்டர் பழுதானாலும் எழுதியது தப்பிக்கும்.

தாத்தாவின் நோட்டு பழுப்பு ஏறிவிட்டது. ஆனாலும் இன்றும் படிக்க முடிகிறது. பேரன் அடிப்பதும் அதைப் போல, அவன் பிள்ளைகள் காலத்திலும் திறக்க வேண்டும்.

அதற்கு எது உதவுமோ, அதுவே நல்ல சாப்ட்வேர்!